உபதேசியார் கல்லறையைச் சுரண்டிய நாள்

மிஷன் சொத்துப் பராமரிப்பு அலுவலகத்தில் நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது இருப்பவர் ஜெனிபர் என்ற இளம் பொறியாளர். இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பழைய ஆலயங்கள், மிஷனரி பங்களாக்கள், சுவிசேஷகர்களும் பாடலாசிரியர்களும் வாழ்ந்த இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு யாத்திரை வழி தயாரிக்கிறார்களாம். கைப்பேசியில் தொட்டால் இடமும் வரலாறும் வரும். கூடவே ஒரு சிறப்பு மலரும் வெளியிடுகிறார்கள். அதற்கு நான் எழுத வேண்டும்.

"உங்க சர்வீஸ்ல ரொம்பச் சிரமமான கேஸ் ஒண்ணு எழுதுங்க சார். இப்ப வேலைக்கு வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கோணும்" என்றார்.

வரைபடத்தைக் காட்டினார். பொங்கலூர்ப் பக்கம் ஒரு புள்ளி. அதன்மேல் 'யாக்கோபு உபதேசியார் ஊழியம் செய்த பகுதி' என்றிருந்தது. கல்லறையைக் குறிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கல்லறைன்னு ஒண்ணு இல்லையாமே சார். நீங்கதானே ரிப்போர்ட் கொடுத்திருக்கீங்க."

அந்த அறிக்கை பொய். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

யாக்கோபு உபதேசியாரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. வெள்ளைக்கார மிஷனரிகள் குதிரையில் போன காலத்தில், அவர்களுக்கு முன்னால் நடந்து போய் ஊரைக் கூட்டியவர் அவர். கையில் ஒரு கஞ்சிரா இருக்கும். சோளக்காட்டு வரப்பில் நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவாராம். மிஷனரியின் பிரசங்கம் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. உபதேசியாரின் பாட்டுகள் எங்கள் சபைகளில் இன்னும் இருக்கின்றன. ஈஸ்டர் விடியற்காலையில் பாடும் பாட்டு ஒன்று உண்டு. கல்லறைக்குப் போகும் பெண்கள், வாசல் கல்லை நமக்காக யார் புரட்டுவார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே நடப்பதாக வரும். மெட்டு மெல்ல மேலே ஏறி, பதில் வருவதற்கு முன்பே நின்றுவிடும். சிறுவயதில் அதைப் பாடிவிட்டுப் பனியில் வீடு திரும்பும்போது, பாட்டு முடியாமல் எங்கோ முன்னால் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

என் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். நான் கோவையில் சிவில் படித்தேன். கொஞ்ச காலம் பனியன் கம்பெனிகளுக்குத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மிஷன் அலுவலகத்துக்கு வந்தேன். அங்கேதான் ஞானமுத்து சாரிடம் சேர்ந்தேன்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. பிடித்தவர்களை மட்டும் 'வே' போட்டு அழைப்பார். பழைய கட்டடத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். பக்தி என்று நினைத்தேன். "தரை எங்க உள்வாங்கியிருக்குன்னு கால்தாம்வே சொல்லும்" என்றார். சுவரைப் புறங்கையால் தடவுவார். பிறகு பேனாக்கத்தியின் கைப்பிடியால் தட்டிவிட்டுக் காதை வைப்பார். நல்ல சுவர் ஒரு மாதிரி பேசும், காரை விட்டுப்போன சுவர் வேறு மாதிரி. எனக்குப் பல மாதங்கள் எல்லாம் ஒரே சத்தமாகவே கேட்டது.

முதல் வேலை, தாராபுரம் சாலையில் ஒரு பங்களா. மிஷனரி ஒருவர் அங்கே உட்கார்ந்து வேதாகம அகராதி எழுதினாராம். காவலாளி எங்களுக்கு அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினார். பக்கத்து ஊர் ஆலயத்தில் இன்னொரு நாற்காலியைக் காட்டினார்கள். பள்ளியில் மூன்றாவது. ஞானமுத்து சார் எதையும் மறுக்கவில்லை. ஜீப்பில் ஏறியதும், "தொரை ஊழியம் செய்ய வந்தாரா, உக்கார வந்தாரா வே?" என்றார். நான் சிரித்தேன். "சிரிக்காத. நாற்காலி பொய்யா இருக்கலாம். அதைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கா பாரு ஒருத்தி, அது பொய்யில்ல."

அன்று அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் கற்றதில் முக்கியமானது 'ஜன்னல்'. பழைய சுவரின் மேல் எத்தனை பூச்சு இருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஓர் இடத்தைத் திறப்போம். மெல்லிய கத்தியால் ஒவ்வொரு பூச்சாக, படிக்கட்டுப் போல, ஒன்றைவிட ஒன்று சற்று உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் தடவினால் ஒவ்வொரு படியும் அதன் நிறத்தைக் காட்டும். திறந்ததும் வேலையைத் தொடரக் கூடாது. ஈரமான பனியன் வேஸ்ட் துணியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவு. இந்த ஒரு நாள் இடைவெளியை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பிஷப்பே வந்து நின்றபோதும், "நாளைக்குப் பாக்கலாம் ஐயரே" என்று துணியைப் போட்டு மூடினார்.

அந்த வருடங்களை இப்போது நினைத்தால் ஒரே நீண்ட மத்தியானம் போல இருக்கிறது. ஓட்டு இடுக்கிலிருந்து ஒளி கம்பி கம்பியாக இறங்கும். வௌவால் வாடை. பீடத்துக்குப் பின்னால் சாரின் கத்தி சுவரைத் தட்டும் மெல்லிய சத்தம். தெரு முனையில் நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்; ஆலயத்துக்குள் அது யாரோ தூரத்தில் ஆர்மோனியத்தின் ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்திருப்பது போலக் கேட்கும். சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புத் தூள் ஒளிக்கம்பிகளுக்குள் மிதந்து, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். நான் எதையும் கெடுத்ததில்லை, அதுவரை.

ஞானமுத்து சார் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். அவருடைய பொறுப்பு எனக்கு வந்தது. சில வருடங்களில் உபதேசியாரின் விஷயமும் வந்தது.

பொங்கலூர்ப் பக்கம் எங்கள் சபையின் ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பழைய பாதி ஒன்று இருந்தது. அடக்கம் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். அந்தப் பழைய பாதியைக் கொடுத்தால் ஊருக்கு அந்தப்புறம் அதைவிடப் பெரிய இடம் தருவதாகச் சொன்னார். தடையாக இருந்தது ஒன்றுதான். கருவேல மரத்தடியில் தனியாக, இடுப்பளவு உயரத்தில், படுத்திருக்கும் ஆடு போல ஒரு வெள்ளை மேடு. அது உபதேசியாரின் கல்லறை என்று ஒரு குடும்பம் சொன்னது.

சொன்னவர் சலோமி. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. உபதேசியார் அவருடைய அம்மாவின் வழியில் முன்னோர். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அவர் குடும்பத்துப் பெண்கள் அந்த மேட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். மறுநாள் விடியலில் மெழுகுவர்த்தி கொளுத்தி அந்தப் பாட்டைப் பாடுவார்கள். அதில் ஒரு வருடமும் தவறியதில்லை என்றார்கள்.

சொத்துக் குழுவின் செயலாளர் என்னிடம், "பேரு பொறிச்ச கல்லு இருந்துச்சுன்னா அந்த எடத்தைத் தொடவே வேண்டாமுங்க. கல்லு இல்லைன்னா மாத்திக்கலாம். அடுத்த கூட்டத்துக்குள்ள சொல்லிருங்க" என்றார்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அத்தனை கனமான மேட்டுக்குள் கல் இல்லாமல் இருக்குமா? சுண்ணாம்பை நீக்கினால் பெயர் வரும், இடம் பிழைக்கும், கண்டுபிடித்தவன் நான் என்றும் ஆகும். மூன்றாவது காரணத்தை அப்போது எனக்குள்ளேயேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சலோமியிடம் அனுமதி கேட்டேன். அவருடைய அம்மாவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சுரண்டுனா வலிக்காதுங்களா?" என்றார் அந்த அம்மா.

"கல்லுக்கு ஏதும்மா வலி" என்றேன்.

சலோமி சிரித்தார். "பேரு இருந்தா எங்க புள்ளைக பாக்கோணுமுங்க சார். உபதேசியார் வம்சம்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். பாட்டை மட்டும் நம்புறானுக."

இரண்டு கொத்தனார்களோடு போனேன். விதிப்படி முதலில் ஜன்னல் திறந்தேன். தண்ணீர் தொட்டுத் தடவியதும் பூச்சுகள் எழுந்து வந்தன. வெள்ளைக்கு அடியில் வெள்ளை, அதற்கடியில் நீலம் கலந்த வெள்ளை, பிறகு பழுப்பேறிய வெள்ளை. ஏதோ ஒரு வருடத்தில் மஞ்சள் கலந்திருக்கிறார்கள். ஏதோ ஒரு மழையில் கரைந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் குழைத்துக் கெட்டியாக அப்பியிருக்கிறார்கள். இன்னும் உள்ளே, ஒரு பூச்சு ஈரமாக இருந்தபோது யாரோ குழந்தை ஊன்றிய உள்ளங்கை. அவ்வளவு சிறியது. ஐந்து விரல்களும் தெரிந்தன. அதன் மேல் அடுத்த வருடத்துச் சுண்ணாம்பு நிறைந்து அச்சுப் போல நின்றது.

அந்த இடத்தில் துணியைப் போட்டு மூடி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞானமுத்து சாருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். தட்டிப் பார்த்தபோது வந்த சத்தம் கல்லின் சத்தம் இல்லை. காது அதைச் சொன்னது, நான் ஏற்கவில்லை. இன்னும் ஆழத்தில் கல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

"எடுங்க" என்றேன்.

உளி இறங்கியது. தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. வெயில் ஏறியது, வெள்ளைத் தூள் எங்கள் மேல் படிந்தது. கொத்தனார்களின் இமையெல்லாம் வெளுத்திருந்தது. கருவேல நிழல்கூட வெளுத்துப் போனது போல இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாத ஒரு வெண்மைக்குள் நாங்கள் மூவரும் வேலை செய்துகொண்டிருந்தோம்.

"சார், கல்லே வரலீங்களே" என்றார் கொத்தனார்.

"வரும்."

வரவில்லை. முட்டை ஓடு போலிருந்த கடைசிப் பகுதி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே செம்மண் மேடு, ஆள் நீளம், கிழக்கு மேற்காக. ஓரம் முழுக்க உடைந்த நாட்டு ஓடுகளைச் செங்குத்தாக நட்டுக் கரை கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு செங்கல், படுக்கை வாட்டத்தில். எழுத்து எதுவும் இல்லை. காற்றுப் பட்டதும் மேட்டின் ஒரு பக்கம் சரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. உபதேசியாருக்குக் கல் வைக்க யாரிடமும் வசதி இருந்திருக்காது. மண்ணைக் குவித்து, ஓடு நட்டு, மழை கரைக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். கரைந்த இடத்தில் அப்பி, மறுபடி பூசி, அம்மா பூசியதன் மேல் மகள் பூசி, அந்தப் பூச்சுகளே கல்லறை ஆகிவிட்டன. எதன்மேல் படிந்த அழுக்கு என்று நினைத்து நான் நீக்கினேனோ, அதுதான் அந்த நினைவுச்சின்னம். அடியில் தேட வேறெதுவும் இல்லை.

தவறு இத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு வருடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெரியாமல் செய்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே ஒரு கல்லறை இருந்தது என்று எழுதினால், அது இப்போது எங்கே என்ற கேள்வி வரும். "சமப்படுத்திருங்க" என்று கொத்தனார்களிடம் சொன்னேன். மண்வெட்டி போட்டார்கள். ஓடுகளையும் செங்கல்லையும் வேலியோரம் எறிந்தார்கள்.

ஷிப்ட் முடிந்து சலோமியும் அவர் அம்மாவும் வந்தபோது வெறும் தரையும் ஒரு குவியல் சுண்ணாம்புச் சில்லுகளும்தான் கிடந்தன.

"கல்லுங்க?" என்றார் சலோமி.

"ஒண்ணும் இல்லைம்மா. வெறும் சுண்ணாம்புதான்."

"அடீல?"

"ஒண்ணுமே இல்லை."

அவர் அம்மா ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதைக் குவியலிலேயே திரும்ப வைத்துவிட்டு நடந்தார்.

அறிக்கையில், 'அடக்கம் நடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. பல ஆண்டுச் சுண்ணாம்புப் படிவு மட்டுமே' என்று எழுதினேன். இடம் கைமாறியது. கொஞ்ச நாளில் ஞானமுத்து சார் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அடியில என்ன இருந்துச்சு வே?"

"மண்ணு சார்."

"எப்படி மண்ணு? குமிஞ்சா, தட்டையாவா?"

"வெறும் மண்ணு சார்."

"சரிங்க. உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இறக்கும்வரை அவர் என்னை 'வே' என்று அழைக்கவில்லை. எப்போது பேசினாலும் 'நீங்க', 'வாங்க', 'போங்க'. ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஜெனிபர் வந்து போன மறுநாள் சலோமியைத் தேடினேன். மண்ணரைப் பகுதியில் லைன் வீடு ஒன்றில் மகனோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் கம்பெனிக்குப் போவதில்லை. வீட்டுக்கு வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டித் தருகிறார். முகத்தருகே துணியைப் பிடித்து வெட்டிக்கொண்டே, "யாருங்க?" என்றார். சொன்னேன். "உக்காருங்க சார். ஊடு இப்படித்தான் பஞ்சா இருக்கும், வேட்டில ஒட்டிக்கும் பாத்துக்கங்க."

எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மண்மேடு இருந்தது. ஓட்டுக் கரை இருந்தது. தலைமாட்டில் செங்கல் இருந்தது. உங்கள் உபதேசியார் அங்கேதான் இருந்தார். பார்த்தேன், மறைத்தேன்.

கத்தரி நிற்கவில்லை.

"அப்ப நாங்க சும்மா கெடந்த சுண்ணாம்பைக் கும்புடலீங்க."

"இல்லைம்மா."

"என்ற மாமியா ஊட்டுல அப்படித்தானுங்க பேசுனாங்க. எங்கம்மா அதுக்கப்புறம் அந்தப் பாட்டைப் பாடவே இல்லீங்க. சாகக் கெடக்கறப்ப சபை ஐயர் வந்து பாடட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம் சாமி, அது நம்முளுது இல்லையாமான்னு சொல்லிப்போட்டா."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சார், செக்கிங்ல நாங்க ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ணுனா எதுக்குன்னு எழுதோணும். ஓட்டைன்னா ஓட்டைன்னு. நீங்க நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ணிப்போட்டீங்க. மன்னிப்பெல்லாம் மேல கேட்டுக்கங்க. எனக்கு எடத்தைக் காட்டுங்க."

"இப்ப அங்க கம்பெனி இருக்கும்மா."

"இருக்கட்டும். அளந்தீங்கல்ல? தலைமாடு எங்கன்னு தெரியுமில்லீங்க?"

தெரியும். அதை மறக்க முடிந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மாலை இருவரும் போனோம். கருவேலம் இல்லை. கம்பெனியின் சுற்றுச்சுவர் நீளமாக, வெளிர் மஞ்சள் பெயின்ட்டில் நின்றது. ஆலய மூலையிலிருந்து வேலிக்கல்லை அடையாளம் வைத்து, காலடியால் அளந்துகொண்டே நடந்தேன். மேட்டின் தலைமாடு இருந்த மேற்குக் கோடி, சுவருக்கு உட்புறம் ஒட்டினாற்போல வந்தது. 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் பின்னால். உள்ளே ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாலை வெயில் சுவரின் மேல் தேன் போல வழிந்து நின்றது. ஒரு கணம் சுவரே இல்லாதது போலவும், அந்த வெள்ளை மேடு அப்படியே படுத்திருப்பது போலவும் இருந்தது.

"இங்கதான்" என்றேன்.

சலோமி பையிலிருந்து ஒரு சிறிய வாளியையும் நார் மட்டையையும் எடுத்தார். சுண்ணாம்பு, கஞ்சித்தண்ணி, ஒரு துளி நீலம். வீட்டிலேயே கரைத்துக் கொண்டுவந்திருந்தார். மட்டையை என்னிடம் நீட்டினார்.

வாட்ச்மேன் வந்தான். வடக்கத்திப் பையன். "இங்க பெயின்ட் யாரு சொல்லிச்சு, அங்கிள்?"

"நாந்தான் சொன்னேன் கண்ணு. போர்டு மேல படாது, போ" என்றார் சலோமி. அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"பெயின்ட் மேல சுண்ணாம்பு நிக்காதும்மா. ஒரு மழைக்கு உரிஞ்சுரும்" என்றேன்.

"உரியட்டும். அடுத்த வருசம் வாங்க."

"எனக்கு வயசாயிருச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வர்ற வரைக்கும் வாங்க."

பூசினேன். ஈரத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காய வெள்ளை எழுந்து வந்தது. இப்போது பாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாடவில்லை. சுவருக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், மங்கிய கண்ணைச் சுருக்கி, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று விரலை வைத்தார்.

"இங்க விட்டுப்போச்சுங்க சார்."

குனிந்து அந்த இடத்தைப் பூசினேன்.